தட்டிப் பார்க்கிறவர்

என் வீட்டுக்காரர் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். தர்பூசணியைத் தட்டுவார், அது தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். இவர் பழக்கடைக்காரரின் தராசையும் தட்டுவார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டுவார், கதவைத் தட்டுவார், வீட்டின் சொந்தக்காரர் கொஞ்சம் அசந்தால் அவர் முதுகையும் தட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். படகுத்துறைப் பக்கம் அவருக்குப் பெயரே 'தட்டு மேஸ்திரி'தான். அந்தப் பெயரை வைத்தது யார் என்று பல வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். வைத்தது நான். இன்னும் அவருக்குத் தெரியாது.

பழைய மரப்படகுகளைப் பழுதுபார்ப்பது எங்கள் தொழில். ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட ஷெட். மரவேலை அவருடையது, வார்னிஷ் என்னுடையது. ஒரு படகு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்துக் கட்டைகளின் மேல் ஏற்றுவோம். பிறகு அவர் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் அடிப்பாகத்தைப் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போவார். வெளிப்பார்வைக்கு எல்லாப் பலகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நல்ல மரம் 'ணங்' என்று சொல்லும். உள்ளே மக்கிப் போன மரம் 'சொத்' என்று சொல்லும். 'சொத்' கேட்ட இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்த பலகை கழற்றப்படும். அதற்கு அப்பீல் கிடையாது.

மற்ற ஷெட்டுகளில் குத்தூசியால் குத்திப் பார்ப்பார்கள். மக்கியிருந்தால் ஊசி உள்ளே போகும், நன்றாக இருந்தால் நுனி பட்ட சின்ன ஓட்டையோடு நின்றுவிடும். இவருக்கு அது பிடிக்காது. "நல்ல பலகையில ஓட்டையப் போட்டுட்டு, அப்புறம் இது நல்ல பலகைன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு?" என்பார். எங்கள் ஷெட்டில் குத்தூசி என்பது என் தம்பியின் கருவிப் பெட்டிக்குள் மட்டும் இருந்தது, அதுவும் ஒளித்து வைத்தாற்போல.

இந்தச் சந்தேகப் புத்திக்கு அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பா இருந்ததையெல்லாம் போட்டு ஒரு படகு வாங்கினார். பளபளவென்று நீலப் பெயின்ட். விற்றவருக்குச் சிரித்த முகம். பையன் கையில் மிட்டாய்கூடக் கொடுத்தாராம். மழைக்காலம் முடிவதற்குள் முன்பக்கத்துப் பலகை கையோடு வந்துவிட்டது. மெழுகையும் மரத்தூளையும் குழைத்து அழுகலை அடைத்து, அதற்கு மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்பா அதன் பிறகு கடைசி வரை அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போனார். இவருக்கு அன்றிலிருந்து பெயின்ட் ஆகாது, சிரித்த முகம் ஆகாது. மிட்டாயை இன்றுவரை தொடுவதில்லை.

என்னைப் பெண் கேட்டு வந்த அன்றே எங்கள் வீட்டு வாசல் நிலையைத் தட்டிவிட்டு, "இதுல கரையான் இருக்கு" என்றார். என் அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. மறுநாள் நிலையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே கரையான் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. "பொண்ணைக் குடுத்துடலாம், இவன் யார்கிட்டயும் ஏமாற மாட்டான்" என்றார் அப்பா. அந்தப் பொண்ணு எப்படி வாழப்போகிறாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் காரணமில்லாமல் சிரித்தால் "என்ன விஷயம்?" என்பார். சிரிக்காவிட்டாலும் அதே கேள்விதான்.

என் தம்பி இதற்கு நேர் எதிர். எங்களோடு ஷெட்டில் வேலை, எங்கள் வீட்டு மாடி அறையில் வாசம். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். மனசில் என்ன ஓடினாலும் அவன் முகத்தில் எழுதி ஒட்டினாற்போலத் தெரிந்துவிடும். சீட்டாட உட்கார்ந்தால் நல்ல சீட்டு வந்ததும் இடது புருவம் மேலே ஏறும், மோசமான சீட்டென்றால் கீழுதட்டைக் கடிப்பான். அதனால் அவனோடு சீட்டாட ஊரே ஆசைப்படும்.

இழைப்பு மெஷின் போடும் கூச்சலுக்காக அவன் ஒரு தடவை மூன்று பேருக்கும் காதுமூடி வாங்கி வந்தான். நானும் அவனும் மாட்டிக்கொண்டோம். இவர் தன்னுடையதை ஆணியில் மாட்டினார். "காதை மூடிக்கிட்டா, பின்னால யாரு என்ன பேசறாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார். அது அந்த ஆணியிலேயே தூசி படிந்து கிடந்தது. பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

போன வருஷத்திலிருந்து அவருடைய சந்தேகம் முற்றிப்போனது. "ஏன் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறீங்க? எனக்குத் தெரியக்கூடாதா?" என்று சாப்பிடும்போது கேட்பார். மருந்துக்கடைக்காரர் வேண்டுமென்றே பாதி வார்த்தையை விழுங்குகிறார் என்பார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்கூட எதையோ மறைக்கிறாள் என்று சத்தத்தைக் கூட்டுவார். எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் டிவியிலேயே செய்தி கேட்டுக்கொண்டார்கள். வயசு ஏற ஏறக் குணமும் ஏறுகிறது என்று நான் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் ஒருவரின் மோட்டார் படகு வந்தது. அறுபது வருஷத்துக்கு முன் கட்டியது. நீண்ட மூக்கு, நடுவில் என்ஜின், தந்த நிறத்தில் ஸ்டியரிங் சக்கரம், உடம்பு முழுக்க மஹோகனி. யாருடைய கார் கொட்டகையிலோ தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்ததை டாக்டர் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். அடிப்பாகம் நிறம் செத்துக் கிடந்தது. ஆனாலும் அதன் வளைவைப் பார்த்ததும் எனக்கு உடனே உப்புத்தாளை எடுக்க வேண்டும்போல இருந்தது.

"மேஸ்திரி, எடுக்க வேண்டிய பல்லை மட்டும் எடுங்க" என்றார் டாக்டர். "மத்ததெல்லாம் சொந்தப் பல்லாவே இருக்கட்டும். பழைய பலகை எவ்வளவு தேறுதோ அவ்வளவும் எனக்கு வேணும்."

"அழுகினது போகும் டாக்டர். அதுல மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க" என்றார் இவர்.

மறுநாள் அவர் தட்ட ஆரம்பித்தார். நான் வெளியே மரத்தடியில் இருக்கைப் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் உள்ளே வந்து பார்த்தால், படகுக்கு அம்மை போட்டாற்போல அடிப்பாகம் பூராவும் சிவப்புக் குறி. பாதிக்கு மேல் போய்விட்டது.

"இத்தனையா மாமா?" என்றான் தம்பி.

"உனக்குக் கேக்கலையா? சொத் சொத்னு அடிக்குதே! கொட்டகைக்காரன் நல்லா ஏமாத்தியிருக்கான் டாக்டரை."

தம்பி கீழுதட்டைக் கடித்தான்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். படகின் நடுவே நீளமாக ஓடும் முதுகுக்கட்டையில் ஒரு பகுதி போயிருந்தது. அதைப் புதிதாகச் செதுக்குவது லேசான காரியம் இல்லை, அதை இவர் எடுத்துக்கொண்டார். குறி போட்ட பலகைகளைக் கழற்றிப் புதிது பொருத்துவது தம்பியின் வேலை. ஷெட்டின் ஒரு கோடியில் இவர், மறு கோடியில் அவன். நடுவில் நான், என் வார்னிஷ் டப்பாக்களோடு.

முதலில் அவருக்குச் சந்தேகம் வந்தது குப்பையைப் பார்த்து. கழற்றிப் போட்ட பழைய பலகைகளின் குவியல் சின்னதாக இருந்தது. புதுப் பலகை அடுக்கோ அவ்வளவாகக் குறையவில்லை. "நான் போட்ட குறிக்கு இந்நேரம் அந்த அடுக்கு தரையத் தொட்டிருக்கணும்" என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச நாளில் குறிகளே குறைந்துகொண்டு வந்தன. பலகை மாறியதால் குறி போனதா, குறியை அழித்ததால் பலகை தப்பித்ததா என்று சொல்ல முடியாதபடி தம்பி எல்லாவற்றின் மேலும் உப்புத்தாள் ஓட்டியிருந்தான்.

எனக்கும் மனசு சரியில்லை. ஏனென்றால் ஒரு நாள் மத்தியானம் ஈரத்துணியால் அவன் ஒரு சிவப்புக் குறியைத் துடைப்பதை நானே பார்த்தேன். "என்னடா பண்றே?" என்றேன். "தூசிக்கா" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் சந்தேகப்படுவது அவர் சுபாவம். என் கண்ணே என் தம்பியைச் சந்தேகப்பட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவன் செல்போனை எடுத்துக்கொண்டு அடிக்கடி வெளியே போனான். டாக்டர் வந்தால் இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். இவர் நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். "டாக்டரும் கூட்டு" என்றார் இவர் என்னிடம். "தம்பி தனியா ஷெட் போடப்போறான். மிச்சம் பிடிச்ச பலகை அவனுக்கு, சீக்கிரம் முடிஞ்ச படகு டாக்டருக்கு. நடுவுல நான் கேனையன்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே தெம்பாக இல்லை.

அவர் சும்மா இருப்பாரா? முதல் நாளே, யாரும் பார்க்காதபோது, கவிழ்த்த படகுக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்து போய், குறி போட்ட ஒவ்வொரு பலகைக்கும் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாராம். சொந்த மச்சானுக்கு எதிராக முதல் நாளே புள்ளி! தம்பி வெளிப்பக்கத்துக்குப் பிரைமர் அடித்து முடித்த அன்று, டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் ஊர்ந்தார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் மரத்தூள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஒரு சின்னப் பையனின் முகமாக இருந்தது அது.

"முக்காவாசிப் புள்ளி அப்படியே இருக்கு" என்றார். "அதோட சின்னச் சின்னதா குத்தி, குச்சி வெச்சு அடைச்சிருக்கான். பழைய அழுகலை அப்படியே உள்ள விட்டு, மேல பெயின்ட். எங்கப்பாவுக்குப் பண்ணின அதே வேலை. என் ஷெட்டுல. என் மாப்ளே."

டாக்டருக்கு அவரே போன் போட்டு வரச்சொன்னார். தன் ஷெட்டில் நடந்த தப்பை மூடி மறைக்கிற ஆள் இல்லை அவர். அதற்காகத்தான் இத்தனை வருஷம் நான் அவரைச் சகித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் வந்ததும் எங்கள் மூன்று பேரையும் இவர் படகின் முன் நிறுத்தினார்.

"மாப்ளே, முதல் நாளே உள்பக்கம் புள்ளி வெச்சிருக்கேன். இந்தப் பலகைக்கு நான் குறி போட்டேனா இல்லையா?"

"போட்டீங்க மாமா."

"அழிச்சது யாரு?"

"நான்தான்."

இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த கொட்டாப்புளியை மாற்றிப் பிடித்தார். பிறகு, "இன்னிக்கே மாடியக் காலி பண்ணு" என்றார்.

ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப்பிறந்தவன். இந்தப் படகோடு இரண்டு பேரில் ஒருத்தர் எனக்கு இல்லாமல் போகப்போகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, அது நல்ல பலகை" என்றான் தம்பி.

"நல்ல பலகையா? டாக்டர், நீங்களே பாருங்க." திருகாணிகளைக் கழற்றும் பொறுமை அவருக்கு இல்லை. பெரிய உளியை விளிம்பில் கொடுத்து ஓங்கி அடித்தார். தம்பி "வேணாம் மாமா!" என்று கத்தினான். பலகை வீறிட்டுக்கொண்டு பிளந்தது. இரண்டு முழத் துண்டு அவர் கையோடு வந்தது.

உள்ளே மரம் செக்கச்செவேல் என்று இருந்தது. அறுபது வருஷம் கழித்தும், இப்போதுதான் அறுத்தாற்போல ஒரு வாசம் ஷெட் முழுக்கப் பரவியது. அவர் விரலால் அழுத்தினார். நகத்தால் கீறினார். கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, தம்பியின் பெட்டியிலிருந்து குத்தூசியை எடுத்துக் குத்தினார். நுனிக்கு மேல் இறங்கவில்லை. வேறு இடத்தில் குத்தினார். அங்கேயும் இறங்கவில்லை.

துண்டை ஒரு கையில் தொங்கவிட்டு, கொட்டாப்புளியின் பிடியால் தட்டினார். ணங் என்றது. ஷெட்டின் தகரம்வரை போய்த் திரும்பியது அந்தச் சத்தம்.

"பாத்தீங்களா? சொத்னுதானே கேக்குது?" என்றார் எங்களைப் பார்த்து.

டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். இவர் எங்கள் முகங்களை ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். மூன்று பேரும் சேர்ந்து சதி பண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். "உனக்கு எப்படிக் கேட்டுது?"

"ணங்னு கேட்டுதுங்க" என்றேன்.

"நீயுமா?"

நான் அழுதுவிட்டேன். அவர் திரும்பி மேஜைப் பக்கம் போனார். நாங்கள் டீ குடித்த எவர்சில்வர் டம்ளர் அங்கே இருந்தது. அதை எடுத்து, விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, உளியால் மெல்லத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை தட்டினார். அது கோயில் மணி கணக்காக ஒலித்தது எங்களுக்கு. அவர் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். டம்ளர் யாரோடும் கூட்டுச் சேராது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"காது டாக்டர் யாரு நல்லவர்னு கேக்கத்தான் உங்க மச்சான் என்கிட்ட வந்தாரு மேஸ்திரி" என்றார் பல் டாக்டர், கொஞ்சம் சத்தமாக. "போன்லயும் அதைத்தான் பேசிட்டிருந்தோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் இவர் தம்பியிடம்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா மாமா? 'என் காதைக் குறை சொல்றான்'னுதான் சொல்லியிருப்பீங்க. ஒவ்வொரு பலகையா குத்திப் பாத்தேன். நல்லதை மட்டும்தான் விட்டேன். மெஷின் சத்தம்தான் உங்க காதைத் தின்னுடுச்சு." அவன் குத்தூசியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான். "திருடன்னு நினைச்சுட்டீங்கல்ல? முதல் நாளே புள்ளி வெச்சீங்களா?"

தம்பி விறுவிறுவென்று வீட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். மாடியில் அவன் பெட்டியில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தான். "விடுக்கா. நல்லதைப் பண்ணிட்டும் கெட்ட பேர்னா இனி இங்க எனக்கு என்ன வேலை?" என்றான். அவன் கேட்டது நியாயம். திணித்த சட்டைகளை எடுத்து மடித்துக் கொடுத்தேன், அக்கா வேறு என்ன செய்வாள்?

படியடியில் செருப்புச் சத்தம் கேட்டது. எப்போதும் தட்டுகிற கைப்பிடியை அவர் அன்று தட்டவில்லை. "மாப்ளே, பெட்டிய வை" என்றார் கீழே நின்றபடி. "முன்பக்கத்துப் பலகைங்கள நாளைக்கு மறுபடி பாக்கணும்."

"நான் எதுக்கு? நீங்களே தட்டுங்க" என்றான் தம்பி மேலேயிருந்து.

"என்ன சொன்னே?"

"நீங்களே தட்டுங்கன்னேன்!"

பிறகு அவர் சொன்னார்: "எனக்குக் கேக்காதுடா."

தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. எங்கள் டிவியில் செய்தி கேட்கிறவர்கள்தான். அவர் அவர்களைக் கவனிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். தம்பி என்னைப் பார்த்தான். பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

காது டாக்டரிடம் போனோம். காதில் வைக்கிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். அதன் டப்பாவை அவர் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். பேச்சு இப்போது கேட்கிறது. மருந்துக்கடைக்காரர் வார்த்தையை விழுங்குவதை நிறுத்திவிட்டாராம். ஆனால் மரத்தின் குரல் பழையபடி வரவில்லை. எல்லாமே தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். பல் டாக்டரின் படகு தண்ணீரில் இறங்கியபோது, உள்ளே குனிந்து பார்த்தால் அவர் உடைத்த இடத்தில் புதுப் பலகை நிறம் தனித்துத் தெரிந்தது. நான் எத்தனை கை வார்னிஷ் அடித்தும் ஒட்டவில்லை. "ஒரு பல் கட்டினதுதானே, பரவாயில்ல" என்றார் டாக்டர். இவர் சிரிக்கவில்லை.

போன வாரம் புதிதாக ஒரு படகு வந்தது. கவிழ்த்து ஏற்றியதும் அவர் கொட்டாப்புளியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பி படகுப் பக்கம் திரும்பி நின்று தட்ட ஆரம்பித்தான்.

"திரும்பாத" என்றார் இவர். முக்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "பக்கவாட்டுல நின்னு தட்டு. எனக்கு உன் மூஞ்சி தெரியணும்."

தம்பி தட்டினான். இடது புருவம் ஏறியது. அவர் சாக்பீஸோடு உட்கார்ந்தே இருந்தார். அடுத்த பலகை, அதற்கடுத்தது. ஓர் இடத்தில் அவன் கீழுதட்டைக் கடித்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவர் எழுந்து போய், அந்தப் பலகையில் சிவப்புக் குறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அப்படியே நடந்தது. அவர் ஒரு தடவைகூட எழுந்து தட்டிப் பார்க்கவில்லை.